கறுப்பாக இருக்க வேண்டிய கல்

என் அம்மா சிதம்பரத்தில் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவியவள். சமையல் மாஸ்டர் அண்டாவைக் கவிழ்த்துப் பார்ப்பாராம். அடியில் கொஞ்சம் கரி இருந்தாலும் மறுபடி தேய்க்கச் சொல்வாராம். இப்போது ஞாபகம் தப்பி, கடலூரில் எங்களோடு இருக்கிறாள். பெற்ற பிள்ளை முகம் மறந்துவிட்டது, கரி மட்டும் மறக்கவில்லை. கறுப்பாக எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் கறுப்பு என்றால் தோசைக்கல்தான். வார்ப்பு இரும்பு. என் மனைவி அதை மூன்று நாள் கஞ்சியில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கித் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினாள். சோப்பே காட்ட மாட்டாள். துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் பூசி வைப்பாள். ஒரு மாதத்தில் கல் எண்ணெய் தேய்த்த தலைமுடி மாதிரி மின்னியது. நாங்கள் ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் அம்மா கம்பி நாரும் சோப்புத் தூளும் போட்டு அதை வெளுக்க வைத்துவிட்டாள். மறுநாள் கல் முழுக்கத் துரு. மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மறுபடி கஞ்சி, மறுபடி வெங்காயம், மறுபடி அம்மா.

கல் போனால் போகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை. கம்பி நார் கிழித்த ஆள்காட்டி விரல் ஆறவே இல்லை. "இன்னும் தண்ணி பட்டுதுன்னா வெரலை எடுக்க வேண்டியதுதான்" என்று சிதம்பரம் பெரியாஸ்பத்திரி டாக்டர் அவள் எதிரிலேயே சொன்னார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். பஸ் ஏறும்வரை எனக்கு அந்த ஆள்மேல் எரிச்சல். எரிச்சல்பட்டு என்ன பிரயோஜனம்?

ரப்பர் உறை மாட்டினோம், கழற்றி எறிந்தாள். கல்லைப் பரண்மேல் ஒளித்தோம். நாள் பூராவும் தேடி அழுதுவிட்டு, அடுப்புக்குப் பின்னால் சுவரிலிருந்த எண்ணெய்க் கறையை நகத்தால் சுரண்டினாள். கட்டு அவிழ்ந்து ரத்தம் வந்தது. "அது கரி இல்லம்மா, அப்படித்தான் இருக்கணும்" என்று எத்தனை தடவை சொல்வது? ஒவ்வொரு தடவையும் சமர்த்தாகத் தலையாட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி கல்லை இறக்கித் தோசை வார்த்தாள். அடுப்பிலேயே ஆறட்டும் என்று விட்டுவிட்டு நாங்கள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது, அம்மா பின்பக்கக் குழாயடியில் குந்திக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டைக் காணோம்.

"விடும்மா! வெரலு போயிடும்!" என்று கத்திக் கல்லைப் பிடுங்கினேன். பெற்றவளிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் சட்டென்று எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"கோச்சிக்காதீங்க மாஸ்டர். ஒரு பொட்டு கரி இல்ல, பாருங்க. நான் கௌம்பட்டுமா?"

அவளை உட்காரவைத்துக் கட்டுப் போட்டேன். விரல் நுனி கறுத்திருந்தது. அதையும் அவள் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி தட்டில் இரண்டு தோசை கொண்டுவந்து வைத்தாள். அம்மா அவற்றை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சாப்பிடும்மா" என்றேன்.

"எனக்கு வேணாம் மாஸ்டர். ஊட்ல புள்ள பசியோட குந்தினு இருப்பான்."

அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.