ரேடியோவைக் கூட்டும் வேலை

வலியசாலையில் நாங்கள் குடியிருந்தபோது எனக்கென்று வீட்டில் ஒரு வேலை உண்டு. சாயங்காலம் அப்பாவின் குரல் ஏறத் தொடங்கியதும் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்ட வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இங்கே தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அம்மாவுக்கு அடியைவிட மானம் பெரிது. எட்டு வயதில் அந்த வேலையில் நான் படு கெட்டிக்காரி.

ஒருநாள் அம்மாவின் கை ஒடிந்தது. சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த என் தாய்மாமா வந்து எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். என்னைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி குடும்ப கோர்ட்டில் கேஸ் போட்டார் அப்பா. அவருக்குச் சர்க்கார் உத்தியோகம், கசங்காத சட்டை, யாரைக் கண்டாலும் ஒரு கும்பிடு. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அப்படிச் சொன்னவள் அம்மாவேதான். அம்மா நம்பிக் கூப்பிட்ட சாட்சி அடுத்த வீட்டு மாமி.

"நான் ஒண்ணும் கேட்டதில்லை. எப்பவும் பாட்டுதான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு மாமி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கிப் போனாள்.

கடைசியில் ஜட்ஜி என்னைத் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டார். "அப்பா அடிச்சார்னு சொல்லணும், கேட்டியோ?" என்று மாமா ஆட்டோவிலேயே பத்துத் தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது என்றுதானே அம்மா வளர்த்திருந்தாள். சொல்லாவிட்டால் அம்மாவை விட்டுப் போகவேண்டி வருமோ என்றும் பயமாக இருந்தது.

"மோளுக்கு வீட்டில் எந்தா ஜோலி?" என்று அவர் சிரித்தபடி மலையாளத்தில் கேட்டார்.

வீட்டில் எனக்கு என்ன வேலை என்றுதானே கேட்கிறார், இதைச் சொன்னால் தப்பில்லை என்று தோன்றியது. அப்பா கத்தினால் ரேடியோவை எவ்வளவு திருப்ப வேண்டும், அம்மா அழுதால் எவ்வளவு என்று பெருமையாக விளக்கினேன். பாராட்டுவார் என்று பார்த்தால் பேனாவை மூடி வைத்துவிட்டார். இவ்வளவு சத்தத்துக்கு அடுத்த வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று மெல்லக் கேட்டார். மாட்டார்கள், நான் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள் என்றேன்.

நான் அம்மாவிடமே இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. தான் சொல்லிக்கொடுத்ததுதான் ஜெயித்தது என்று மாமா கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு மாமியின் மேல் கோபமே வரவில்லை. அவளுக்கும் என்னைப்போலப் பாட்டென்றால் உயிர் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.