அல்போன்ஸ் கொண்டுபோன பாட்டில்

அல்போன்ஸுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பொம்மிடியிலிருந்து தர்மபுரிக்குத் தனியார் பஸ் ஓட்டினார். ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் கால் நிற்காது. டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். சர்க்கரை வியாதி வந்து பல வருஷம் ஆகியும் அந்த ஆளுக்கு நிதானம் வரவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் மாம்பழ சீசன். மனிதர் வாயைக் கட்டவில்லை. இனியும் சர்க்கரை குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஊசி போட்டுக்கொள்கிறவனை முதலாளி வண்டியை விட்டு இறக்கிவிடுவார் என்று அல்போன்ஸுக்குப் பயம். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகிற காலையில், காலி மருந்து பாட்டிலை மனைவி ராஜமேரியிடம் நீட்டினார்.

“இந்த ஒரு தடவ உன்னுதக் குடு மேரி. உனக்குத்தான் ஒரு நோயும் இல்லியே.”

“கேக்கறதப் பாரு, வெக்கங்கெட்ட மனுசன்!” என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

டாக்டர் நீல மருந்தில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சினார். சர்க்கரை அதிகம் என்று காட்டும் செங்கல் நிறத்துக்கு வந்தது. “இத்தன வருசமாச்சே, கிட்னியையும் பாத்துடலாம்” என்று மீதியைத் தனியாகக் காய்ச்சினார். குழாயின் மேல்பக்கம் லேசாக வெண்மை படர்ந்தது.

“கிட்னியில ஆல்புமின் ஒழுக ஆரம்பிச்சிருக்குது அல்போன்ஸ். ஊசிக்கு முந்தி ஒரு மாசம் மாத்திரய ஏத்திப் பாக்கலாம். இப்பவே சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுப்படுத்துனா ரொம்ப வருசம் தள்ளிப்போடலாம். உப்பக் கொறைங்க. அசால்ட்டா விட்டுட்டா கைகால் வீங்குனப்புறம்தான் தெரியும். அப்பறம் காப்பாத்தறது கஷ்டம்.”

வீட்டு வாசலிலேயே ராஜமேரி கேட்டாள்.

“என்னாங்க, என்னுது பாஸா?”

“பாஸு.”

அதற்குப் பிறகு குழம்பு கரிக்கிறது என்று தட்டைத் தள்ளினார். உப்பு ஜாடியை எடுத்து ஒளித்துவைத்தார். அவள் பாத்திரம் கழுவும்போது குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார். “என் காலுல என்னாத்தத் தேடறீங்க?” என்று அவள் கேட்டால் வெளியே போய்விடுவார். ஆட்கள் கைகாட்டி நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னால் தன் குட்டு உடைந்து வேலை போகும். சொல்லாவிட்டால் மேரியின் உயிர் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போதும் எரிச்சலாக வரும்.

ஒருநாள் மத்தியானம் பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

“பாட்டில்ல இருந்தது உன்னுது மேரி. உனக்குச் சர்க்கர இருக்குது. கிட்னியிலயும் ஆரம்பிச்சிருச்சு. நான்தான் பயந்துக்கிட்டு சொல்லல.”

ராஜமேரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். “அப்ப உங்களுத யாரு பாத்தாங்க?” என்றாள்.

இருவரும் சேர்ந்துதான் டாக்டரிடம் போனார்கள். இந்தத் தடவை அவரவர் பாட்டில். அவளுடையதில் அதே மெல்லிய வெண்மை. அல்போன்ஸுடையது காயக் காயக் குழாய் முழுவதும் தயிர்போல உறைந்தது. டாக்டர் குழாயைக் கீழே வைத்தார்.

“உங்க சம்சாரத்துக்கு இன்னும் நேரம் இருக்குது. மாத்திர, பத்தியம் ஒழுங்கா இருந்தாப் போதும். உங்களுக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சு அல்போன்ஸ். சேலத்துக்குப் போயி ரத்தமும் பாக்கணும்.”

ராஜமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அல்போன்ஸ் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவளுக்கு நேரம் இருக்குதுன்னீங்களே, அத இன்னொருக்கா சொல்லுங்க டாக்டர்.”