சரிபார்ப்பு அழைப்பு

“நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்.” இந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். அன்று காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அதைப் பத்து முறையாவது கேட்டிருப்பேன். நான் அழைத்தது எங்கள் மேற்பார்வையாளர் மேடத்தை. கொரோனா காலம் குடும்பங்களின் பிழைப்பையும் உறவையும் என்ன செய்தது என்று வீடுவீடாகக் கேட்டு எழுதும் ஆய்வு அது. விழுப்புரத்தில் ஒரு மாடி அறைதான் அலுவலகம். மேடம் பொல்லாத கண்டிப்பு. “ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அந்தப் பேப்பரு எனக்கு வேணாம்” என்பார். நாங்கள் கொடுக்கும் படிவங்களில் சிலவற்றை மறுநாள் காலை உருவி எடுத்து, அதிலுள்ள எண்ணுக்கு அவரே போன் போட்டு, இரண்டு கேள்விகளைத் திரும்பக் கேட்பார். வீட்டுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியவர்கள் அப்படித்தான் மாட்டினார்கள். அவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட உண்டு, நான்தான் யோக்கியமாயிற்றே.

முந்தின நாள் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம் கொரோனா சமயத்தில் என்ன வேலைக்குப் போனார் என்று கேட்டேன். மாஸ்க் தைக்க என்றார். எழுதினேன். அவர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, “அத்த அடிச்சிடு தங்கச்சி” என்றார். “மாஸ்க்கு தைக்கப் போறேன்னு வூட்ல சொல்லிக்கினு கொரோனா வார்டு கூட்டப் போனேன். அவருக்கு லாரி ஓடல. வேற என்னா பண்றது?” கையுறை தீர்ந்த நாட்களில் பால் கவரைக் கையில் கட்டிக்கொண்டது, திரும்பும் வழியில் பம்பு செட்டில் தலையோடு குளித்தது, எல்லாம் சொன்னார். மாஸ்க்கை அடித்துவிட்டு வார்டு என்று எழுதி, மற்றதைக் குறிப்புப் பகுதியில் சேர்த்தேன். அந்த வருடமே மாமியார் கொரோனாவில் இறந்திருக்கிறார். “வார்டுக்குப் போனது தெரிஞ்சா, எங்கம்மாவ நீதான் கொன்னேன்னு சொல்லுவாரு. என்ன வூட்ல வச்சிக்க மாட்டாரு. இத்தினி நாளா யாரும் கேக்கல. நீ கேட்ட, சொல்லிட்டேன்.” யாருக்கும் தெரியாது என்று கையடிக்காத குறையாகச் சொன்னேன். கடைசிக் கட்டம் போன் நம்பர். அந்த வீட்டில் இருந்தது ஒரே போன், கணவருடையது. அதை எழுதிக்கொண்டு, விழுப்புரம் திரும்பிய எங்கள் குழுக்காரரிடம் படிவக் கட்டைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது, மேடம் சரிபார்க்கக் கூப்பிட்டால் போனை எடுப்பது அந்தக் கணவர். மேடத்தின் போன் கிடைக்கவில்லை. வந்த விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியும் அழைத்துக்கொண்டே இருந்தேன். அவர் யாருடனோ பேசிக்கொண்டே இருந்தார். அது அந்த அக்காவின் கணவர்தானோ என்று நினைத்துக்கொண்டே மறுபடி அழைத்தேன்.

மாடியேறியபோது அந்தப் படிவம் மேடத்தின் கையில் இருந்தது. சுற்றிலும் நான்கைந்து பேர்.

“என்னம்மா இது? வார்டுல வேலை செஞ்சாங்களான்னு கேட்டா அந்த வீட்டுக்காரர் குதிக்கிறாரு. எந்த வார்டு, எவ சொன்னதுன்னு. விசாரிச்சிட்டுப் பத்து நிமிஷத்துல கூப்புடுறேன்னு சொல்லியிருக்கேன்.”

உண்மை என்று சொன்னால், மேடம் அந்த வீட்டுக்கே போய் அக்காவையே கேட்பார். சந்தேகப் படிவத்துக்கு அதுதான் அவர் முறை. தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று இன்று தோன்றுகிறது. அன்று அவரை நான் நம்பவில்லை, அவ்வளவுதான்.

“நானாதான் எழுதினேன் மேடம்.”

அவர் குறிப்புப் பகுதியில் விரலை வைத்தார். “கையில பால் கவரு கட்டிக்கினது?”

“அதுவும்தான்.”

“பம்பு செட்டுல குளிச்சது?”

“ஆமா மேடம்.”

என்னையே பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “ஐயா, தப்பு எங்க மேலதாங்க. வேற ஊரு அம்மா சொன்னத எங்க பொண்ணு உங்க பேப்பர்ல எழுதிட்டா. உங்க வீட்ல மாஸ்க்கு தைச்சதாத்தான் சொல்லியிருக்காங்க. இதோ எதுருலயே இருக்குது.” அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. மேடம் ஒவ்வொன்றுக்கும் “மன்னிச்சிக்குங்க” என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போனபின் என்னை நிறுத்தினார். “நீ பொய் எழுதலன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த நம்பர எழுதினே பாரு. நானும் யாரு போனுன்னு கேக்காமப் போட்டேன்.” படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இத்தினி பேரு எதுருல ஒத்துக்கினே. இனிமே உன்ன வச்சிக்க முடியாது. நாளைலேர்ந்து வராதே.” அதன்பின் மேடத்தை நான் பார்க்கவில்லை.

இப்போது வேறோர் ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். நம்பர் எழுதுமுன் அது யார் கையில் இருக்கும் போன் என்று கேட்கிறேன். போன மாதம் அந்தப் பழைய ஆய்வின் அறிக்கை கைக்குக் கிடைத்தது. பெண்கள் அந்த நாட்களில் செய்த வேலைகள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. மாஸ்க் தைத்தது அதில் உண்டு. வார்டு கூட்டியதை எங்கே தேடியும் காணோம். கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அதே வாரம் திண்டிவனம் கடைத்தெருவில் அந்த அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் கணவர் வாழையிலைக்காரரிடம், “எங்கம்மாவுக்குத் தெவசம், கிழியாத எலையா குடுப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இலையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்த அக்கா என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாதவரைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.