தட்டிக்கு அந்தப் பக்கம் என் மனுசி

துப்பாக்கி இருப்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று முதல் நாளே கெவின் சொல்லிவிட்டார். கெவின் எங்கள் மனேஜர். மெல்பேர்னில் ஃபக்டரிகளுக்குச் சம்பளப் பை கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் கொம்பனியின் தொழில். எழுபதுகளில் சம்பளம் கவரில் போட்ட காசாகத்தான் வரும். யூனிஃபோம் போட்டவன் வான் வண்டிக்குள் இருப்பான். சாதாரண ஜக்கெற் போட்ட நான் பையோடு இறங்குவேன். ஜக்கெற்றுக்குள் இரண்டங்குலக் குழல் வைத்த ஒரு ரிவோல்வர், அதில் ஐந்து ரவை. யாழ்ப்பாணத்தில் புத்தகக் கடையில் நின்றவனுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். உயரமாக இருந்தேன், கார் ஓடத் தெரியும், அவ்வளவுதான்.

1. கெவினின் ரவை

எந்த ரவை போடுவது என்பதில் கெவினுக்குப் பெரிய பிடிவாதம். பலமானதுதான் வேண்டும், ஒரே வெடியில் ஆள் விழ வேண்டும் என்பார். பெரிய துப்பாக்கிக்கு அது சரி. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சாமானில் அதைப் போட்டால் கை மேலே எறிபடும், கண்ணுக்கு முன்னால் நெருப்புப் பறக்கும், இரண்டாவது வெடி கூரைக்குப் போகும். சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் நானும் ஒன்றைக் கூரைக்கு வைத்தேன். ஓட்டை இன்னும் இருந்தாலும் இருக்கும்.

பிறகு மூக்கில் குழி உள்ள ரவைதான் வேண்டும் என்று நின்றார். பட்டதும் பூவாக விரிந்து அங்கேயே நின்றுவிடுமாம். நனைத்த பேப்பர்க் கட்டுக்குள் சுட்டுப் பார்த்தோம். கட்டைப் பிரித்தால் பூவுமில்லை காயுமில்லை, ரவை போன மாதிரியே கிடந்தது. குழல் குட்டை, அதனால் விரியும் அளவுக்கு வேகம் இல்லை. கெவின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேப்பரில்தான் பிழை என்றார். மனிதர் தோற்றதாக ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நான் கேட்டது தட்டை மூக்கு ஈய ரவை. வாட்கட்டர் என்பார்கள், போட்டிக்காரர் இலக்குக்குச் சுடுவது. உதை குறைவு, ஐந்தும் ஒரு சாப்பாட்டுக் கோப்பைக்குள் விழும். கெவின் அரை மனதோடு சம்மதித்தார். வென்றுவிட்டேன் என்ற நினைப்பில் கொஞ்ச நாள் திரிந்தேன்.

2. ப்ளைவூட்

ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட ஒரு பிஸ்கற் ஃபக்டரிக்கு வியாழக்கிழமைகளில் போவோம். என் மனைவி மகேஸ் அங்கேதான் பாக்கிங் லைனில் வேலை செய்தாள். நான் பை கொண்டுபோகிற அறைக்கும் சம்பளக் கியூவுக்கும் நடுவில் பச்சைப் பெயின்ற் அடித்த ப்ளைவூட் தட்டி ஒன்று இருந்தது. அதில் வெட்டிய யன்னலால்தான் சம்பளக் கவர் கொடுப்பார்கள். ஒரு வியாழன் நான் உள்ளே நிற்கும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் மகேசின் சிரிப்புக் கேட்டது. பலகை எவ்வளவு தடிப்பு என்று விரலால் தட்டிப் பார்த்தேன்.

அதே பலகையில் இரண்டு வெட்டுத்துண்டை ஃபக்டரித் தச்சனிடம் வாங்கி ரேஞ்சுக்குக் கொண்டுபோனேன். எங்களிடம் இருந்த எல்லா ரவையும் இரண்டையும் துளைத்துக்கொண்டு போனது. நான் வாதாடி வாங்கிய சாதுவான ரவையும்தான்.

சம்பள யன்னலைச் செங்கல் சுவர்ப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள் என்று கெவினிடம் கேட்டேன். அது ஃபக்டரியின் பாடு, நீ குறி தவறாமல் இரு என்றார். எனக்கு வந்த கோபத்தை வானின் கதவில்தான் காட்ட முடிந்தது.

அன்றைக்கு வீட்டில் மகேசிடம் விசயத்தைச் சொல்லி, இனி வியாழனில் கியூ கலைந்த பிறகு போய்ச் சம்பளத்தை எடு என்றேன். அவள் சோறு போட்டபடி யோசித்தாள்.

“நான் விலகினா எனக்குப் பின்னால நிக்கிற பிள்ளை முன்னுக்கு வருவாள். அவளிட்டை என்னப்பா சொல்லுறது?”



3. இரும்புக் கம்பி

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வியாழன், பையை மேசையில் வைக்கப்போன நேரம் மப்ளரால் முகத்தை மூடிய ஒருவன் பின்கதவால் வந்தான். கையில் இரும்புக் கம்பி. முதல் அடி என் இடத்தோளில் விழுந்தது. அவன் பையை இழுக்க, என் வலக்கை ஜக்கெற்றுக்குள் போய்விட்டது. ரிவோல்வரின் பிடி கைக்குள் வந்தும்விட்டது. அவனுக்கு நேர் பின்னால் பச்சைத் தட்டி. அதற்கு அப்பால் பெண்கள் ஒன்றும் தெரியாமல் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

கையை வெறுமையாக வெளியே எடுத்தேன். பையையும் விட்டேன். அவன் வந்த வழியால் ஓடிவிட்டான்.

பொலிஸ் போன பிறகு கெவின் கத்தத் தொடங்கினார். மாதக்கணக்காகப் பேப்பர் நனைத்து, ரவை தேர்ந்தெடுத்து, கடைசியில் துப்பாக்கியை வெளியே எடுக்கவே இல்லையா என்று.

“சுட்டுப் பாத்தபடியாத்தான் சுடேல்லை,” என்றேன், எனக்கு வந்த இங்கிலீசில்.

அவருக்கு அது விளங்கவில்லை. அடுத்த திங்கள் என்னை ஒரு சாமான் கிட்டங்கி வாசலில் காவலுக்குப் போட்டார்கள். துப்பாக்கியையும் வாங்கிவிட்டார்கள், சம்பளமும் குறைந்தது. வேதனையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

செக்யூரிட்டி வேலைக்குப் போகிற பெடியள் சிலர் இப்போதும் என்னிடம் வந்து, சின்னத் துப்பாக்கிக்கு எந்த ரவை அங்கிள் நல்லது என்று கேட்பார்கள். உதை குறைந்ததாக, உங்கள் கைக்கு அடங்குவதாக எடுங்கள் என்பேன். ஆனால் அதற்கு முதல், நிற்கப்போகிற இடத்தில் எதிரே என்ன சுவர், அதற்குப் பின்னால் ஆர் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். சிலருக்கு இந்தப் பதில் பிடிக்காது.

பை பறிபோன அந்தக் கிழமையே மகேஸ் வேலையால் வந்து சம்பளக் கவரை மேசையில் வைத்தாள். சுடுதண்ணீரில் துணியை நனைத்து என் தோளுக்கு ஒத்தடம் பிடித்தாள்.  பிறகுதான் சொன்னாள்.

“சம்பளம் பிந்தித்தான் தந்தவை. கியூவில எல்லாரும் நிண்டனாங்கள்.”