கடையில் வைத்த பெயர்

வேலை பார்த்த துணிக்கடை மூடிய பிறகும் டில்லிபாபு தினமும் காலையில் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கிளம்பினார். பட்டினப்பாக்கம் குடியிருப்பின் படிக்கட்டில் யாராவது, “இன்னா டில்லி, கடைக்கா?” என்று கேட்டால், “ஆமாபா, ஆடி சேல் வந்துகினு கீதே” என்பார். மகள் காவேரியிடமும் அதையே சொன்னார்.

ஒருநாள் காவேரி ஆபீஸ் வேலையாக தி.நகர் போனபோது நடேசன் பூங்காவில் அவரைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் திறக்காத டிபன் பாக்ஸ். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தினி நாளா நைனா?”

“கடைய வித்துட்டாங்க கண்ணு. வூட்ல குந்தினா சொவுரு வந்து மூஞ்சில இடிக்குது.”

அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். காவேரியின் சம்பளத்தில் வீடு நடந்தது. சோறு இருந்தது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் போவதற்கு இடம் இல்லாமல் போனது அவரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். பேச்சைக் குறைத்தார். ஒரு வேலை கிடைத்தால்தான் மனுஷன் மீள்வார் என்று அவளுக்குத் தெரிந்தது.

காவேரி மென்பொருள் சோதனையாளர். எதையும் தேடித்தான் பார்ப்பாள். தேடினாள். அடையாறில், ஆன்லைனில் துணி விற்கும் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் புடவைகளைப் பிரித்துப் பார்த்து, கட்டியதா கட்டாததா என்று சொல்ல வேண்டும். துணிக்கடை அனுபவம் போதும், வயது தடையில்லை என்று போட்டிருந்தது.

டில்லிபாபு வாழ்க்கையில் விண்ணப்பம் எழுதியதில்லை. தி.நகர் கடையில் அவரைச் சேர்த்தபோது முதலாளி முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்விதான்: “புடவை மடிக்கத் தெரியுமாடே?” நியமனக் கடிதம் கிடையாது. சம்பளம் கையில். அப்படியே இருபத்தெட்டு வருஷம்.

காவேரி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

“படிப்பு?”

“பத்தாவது ஃபெயிலு. கீழ்வூட்டு ராபர்ட்டு ஒரு ஆளு கீறான்றான். டிகிரியே குடுப்பானாம்.”

“வேணாம் நைனா. நாளைக்கு ஒருத்தன் எதிர்ல உக்காந்து கேட்டா பதில் சொல்ல முடியற வரிய மட்டும்தான் போடணும். மேனேஜர்னு போட்டு, எத்தினி பேர மேச்சேன்னு கேட்டா?”

“அண்ணாச்சியதான் மேச்சேன்.”

வெகுநாளுக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். விற்பனையாளர் என்றே போட்டாள். பத்தாம் வகுப்பில் தவறியதை ஒளிக்கவில்லை. பொழுதுபோக்கு என்று ஒரு வரி இருந்தது. “தூக்கம்னு போடு” என்றார். அந்த வரியை எடுத்துவிட்டாள்.

பெயர் வந்ததும் அவள் கை நின்றது. சின்ன வயதில் தீபாவளிக்குத் துணி எடுக்க அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். மைக்கில், “செல்வம், மூணாவது மாடி” என்று கூப்பிட்டார்கள். அப்பா ஓடினார். அவர் சேர்ந்தபோது கடையில் ஏற்கெனவே ஒரு பாபு இருந்தானாம். மைக்கில் கூப்பிட்டால் ரெண்டு பேர் வந்து நிற்பார்கள் என்று, சேர்ந்த அன்றே அண்ணாச்சி இவருக்கு வேறு பெயர் வைத்துவிட்டார். முதல் பாபு நின்றுபோன பிறகும் இவருக்குச் சொந்தப் பெயர் திரும்பவில்லை. ஊரிலிருந்து வந்த பையன்கள் பலருக்கும் அந்தக் கடையில் இப்படித்தான்.

காவேரி ‘டில்லிபாபு (செல்வம்)’ என்று அடித்தாள்.

“அத்த எட்து போடு” என்றார் அவர்.

“கடையில அப்டித்தானே கூப்புட்டாங்க?”

“ஆதார்ல கீதா? எங்கம்மா வச்சாளா? பொய்ப் பேரு அது. உண்மைய மட்டும் போடுன்னு நீதானே சொன்ன.”

அவர் சொன்னது சரியாகவே பட்டது. அடைப்புக்குறியை அழித்தாள்.

நேர்காணலுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனார். திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே குரல் கேட்டது. “பிரிச்சு மோந்து பாத்தேன் கண்ணு. கல்யாணத்துக்குக் கட்டிகினு போய்ட்டு திருப்பி அனுப்பிக்கீது அந்தம்மா. கேள்வி கேட்ட புள்ளைங்க சிரிச்சிட்சுங்க. பழைய மொதலாளி நம்பர் வாங்கிகினாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றாங்களாம்.” அன்று இரண்டாம் முறை சோறு கேட்டார்.

அவர் கொடுத்த எண்ணில் எடுத்துப் பேசியது அண்ணாச்சியின் மகன் கனகராஜ். டில்லிபாபு என்று யாரும் எங்கள் கடையில் வேலை பார்க்கவில்லை என்றான். அவனுக்குத் தெரிந்து இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு யாருமே பொய் சொல்லவில்லை.

தவறான தகவல் அளித்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று மெயில் வந்தது. டில்லிபாபு அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். “தவறான” என்ற இடத்தில், “போதும்” என்றார்.

காவேரி விடவில்லை. அவரை அண்ணாச்சி வீட்டுக்கு அழைத்துப் போனாள். அண்ணாச்சிக்கு நடை தளர்ந்திருந்தது. ஆனால் ஆளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாடே செல்வம். இளைச்சுப் போயிட்டியே.”

“இவர் பேரு டில்லிபாபுங்க” என்றாள் காவேரி. விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணாச்சி அவரையே பார்த்தார். “நா வச்ச பேருன்னே மறந்துபோச்சு. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்லாடே.”

“நீங்க கேக்கலியே அண்ணாச்சி.”

அண்ணாச்சி அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டார். “எங்க செல்வம்தாம்மா அது, தங்கமான பையன்” என்று உரக்கச் சொன்னார். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். சிஸ்டத்தில் மூடிவிட்டோம் சார், ஒருமுறை இப்படிப் பதிவானால் திறக்க முடியாது, வேறு ஆள் சேர்ந்துவிட்டார் என்றாள்.

பேருந்தில் டில்லிபாபு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். “வேற எடத்துல போடலாம் நைனா. இந்தவாட்டி ரெண்டு பேரையும் போடலாம்” என்றாள். அவர் தலையாட்டினார். மறுநாள் காலையில் சட்டை கொடியிலேயே கிடந்தது. அதன் பிறகு அவர் எங்கும் கிளம்பவில்லை. ஐப்பசி மழையில் ஒரு மதியம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஒரு கோளாறுக்குக் காரணம் தேடுவதுதான் காவேரியின் தொழில். இதற்கு அவளால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அந்த மெயிலை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள்.

கடையில் கூட வேலை பார்த்தவர்கள் அய்யாதுரையின் தலைமையில் வந்தார்கள். மாலை கொண்டுவந்தார்கள். பாடை தூக்கினார்கள். குடியிருப்புச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். கடை யூனிஃபார்மில் அப்பாவின் படம். கீழே பெரிய எழுத்தில் ‘செல்வம்’.

பால் வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்தார். “மூஞ்சி நம்ம டில்லி மாரி கீது. பேரு வேற போட்டுக்கீதே. யாருபா இது?”

அய்யாதுரை தலையைக் குனிந்துகொண்டார். “எங்களுக்கு அந்தப் பேருதாம்மா தெரியும்” என்றார் காவேரியிடம்.

எல்லோரும் போன பிறகு அவள் பையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். போஸ்டர் இன்னும் ஈரமாக இருந்தது. செல்வம் என்பதை ஒட்டி, அடைப்புக்குறிக்குள், டில்லிபாபு என்று எழுதினாள். மை பசையில் கசிந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.