என் முகத்தின் வலது பாதி

அந்தச் சனிக்கிழமை என் பரத வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணனைக் கண்ட கோபிகையின் புன்னகையைச் செய்து காட்டியிருந்தேன். கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது எங்கள் ஊர் மடத்துவெளி முழுவதற்கும் தெரியும். தாளம் போடும் தட்டுக்கழியால் மணைப்பலகையில் ஓங்கி அடித்து, இந்தச் சேட்டையைத் தொடங்கியது யார் என்று கேட்டேன்.

முன்வரிசையில் நின்ற கஜனி மட்டும் வாய் திறந்தாள். "ரீச்சர், நீங்கள் செய்த மாதிரித்தானே செய்தனாங்கள்."

பிள்ளைகளைப் பார்த்தபடி நின்று பரதம் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். என்னைப் பார்த்து அப்படியே செய், குறுக்குக் கேள்வி வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். நான் சொன்னபடியே அவர்கள் செய்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியின் கமராவைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். வலது வாயோரம் தொங்கிக் கிடந்தது. சிரித்துப் பார்த்தேன், இடது பக்கம் மட்டும் சிரித்தது. அது என் முகம்தான் என்று மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளைப் போகச் சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்தேன்.

யோசித்துப் பார்த்தால் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வழிந்தது. முதல் நாள் காதின் பின்புறம் வலித்தது. குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நின்றபோது பட்ட சோளகக் காற்றுத்தான் (தென்மேற்குப் பருவக்காற்று) காரணம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். உங்களுக்கு இப்படி ஏதும் தெரிந்தால் காற்றின் மேல் பழியைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு விட்டார். கடல் நடுவே போகும் வீதியில் காற்று முகத்தில் அடித்தது. இடது கண் மூடிக்கொண்டது, வலது கண் மூடவில்லை. திரும்பத் திரும்ப முயன்றேன். திறந்த கண்ணில் மணல் விழுவது தெரிந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாரிசவாதமாக (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் விழுந்துபோவது) இருக்குமோ என்ற பயத்தில் அங்கிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

வைத்தியர் இளம் வயதுக்காரர். புருவத்தை உயர்த்துங்கள், கண்ணை இறுக்கி மூடுங்கள், பல்லைக் காட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. வலது பக்கத்தில் ஒன்றுகூட வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"மூளையிலை பிரச்சினை எண்டால் நெத்தி சுருங்கும், அம்மா. உங்களுக்கு நெத்தியும் அசையேல்லை. இது முகத்து நரம்பு."

முகவாதம் (முகத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார். பெரும்பாலானவர்களுக்கு முகம் திரும்பிவிடும் என்றும் சொன்னார். மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஸ்ரெரொயிட் குளிசை (நரம்பின் வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரை), கண்ணுக்குத் துளிமருந்து, படுக்கும்போது இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்டர். ஒட்டுவது கணவரின் வேலை. கனடாவில் இருக்கும் தங்கை வீடியோவில் வரச் சொன்னால், சிக்னல் இல்லை என்று புளுகினேன். முகம் முழுதாகத் திரும்பும்வரை பிள்ளைகள் முன் நிற்பதில்லை என்று முடிவெடுத்து வகுப்பையும் நிறுத்தினேன். பாதி முகத்தோடு எந்த முகபாவத்தைச் சொல்லிக் கொடுப்பது?

அடுத்து நான் விட்ட பிழை நடனக்காரிகள் மட்டுமே விடக்கூடியது. இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) சில முகப்பயிற்சிகளைக் காட்டி, மெல்ல, கொஞ்சமாகச் செய்யச் சொல்லியிருந்தார். நானோ அடவு (பரதத்தின் அடிப்படை அசைவு) பழகுவதுபோலத் தாளம் போட்டு, முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று வேகத்தை ஏற்றி முகத்தை வதைத்தேன். பழகப் பழக வராதது ஏதும் உண்டோ என்ற திமிர். அடுத்த முறை போனபோது பெருமையாகச் செய்தும் காட்டினேன். இயன்மருத்துவரான அந்தப் பெண் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"அக்கா, இது அடவில்லை. நரம்பு தன்ரை பாட்டிலை வரவேணும். தாளத்தை நிப்பாட்டுங்கோ."

மாரிமழை தொடங்கிய நேரம் கன்னம் ஒருநாள் துடித்தது. பிறகு வாயோரம் எழுந்தது, கண் மூடியது. கண்டவர்கள் எல்லோரும் சுகமாகிவிட்டது என்றார்கள். நானும் நம்பி, தைப்பொங்கல் கழிய வகுப்புத் தொடங்கும் என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினேன்.

அதற்கிடையில் கஜனியின் தாய் திடீரென்று இறந்துபோனார். செத்தவீட்டில் அந்தப் பிள்ளை ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டது. நான் கண்ணை மூடி அழுதேன். நிமிர்ந்து பார்த்தவள் கையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். பக்கத்தில் இருந்த பெண்களும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எனக்கு எதுவும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரின் முன் நின்று கண்ணை மூடினேன். என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"கண்ணை மூடேக்கை நீர் சிரிக்கிறீர்."

தாயைப் பறிகொடுத்த பிள்ளையின் முகத்துக்கு நேரே நான் சிரித்திருக்கிறேன்.

நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் வழிமாறி வேறு தசையில் போய்ச் சேர்ந்துவிடும் என்று வைத்தியர் விளக்கினார். கண்ணை மூடு என்ற கட்டளை வாய்க்கும் போகிறது. பயிற்சியால் குறையலாம், முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாதாம். நோய் வந்த நாளைவிட அந்த நாள்தான் என்னை அடித்துப் போட்டது. வகுப்பை விட்டுவிடப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" என்று அவர் கேட்டார்.

வகுப்புத் தொடங்கிய நாள் கஜனியும் வந்திருந்தாள். கடைசி வரிசையில், என்னைப் பார்க்காமல் நின்றாள். எல்லோரையும் இருத்தி, எனக்கு வந்த நோயையும் அது முகத்தில் விட்டுப்போன கோளாறையும் சொன்னேன். "என்ரை முகம் சில நேரம் பொய் சொல்லும். நான் வாயாலை சொல்லுறதைத்தான் நீங்கள் நம்பவேணும்."

சிரிப்பு இடது பாதியில் இப்போதும் நினைத்தவுடன் வருகிறது. வலது பாதியில் ஒரு மூச்சுப் பிந்தித்தான் வரும். அவசரப்படுத்தினால் கண்ணும் சேர்ந்து இறுகிவிடும். எல்லாவற்றையும் தாளத்துக்குள் அடக்கி வாழ்ந்தவள், இன்று என் முகத்துக்காகவே காத்திருக்கிறேன். சில நாட்களில் இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும்.

மற்றப் பிள்ளைகள் போனபிறகும் கஜனி நின்றாள். "எங்கடை வீட்டை வந்த அண்டைக்கு நீங்கள் அழுதனீங்களோ, ரீச்சர்?"

"ஓம், பிள்ளை. அழுதனான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். சேலைத் தலைப்பால் மறைக்கக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தேன். இடது பக்கம் சிரித்துவிட்டது. வலது பக்கம் வந்து சேரும்வரை அவள் போகாமல் நின்றாள்.