மச்சினன் செய்த ஒட்டகம்

தண்ணீர் பம்புகளை வடிவமைத்துக்கொண்டிருந்த இன்ஜினியர், வேலையை உதறிவிட்டுப் பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தபோது பழைய சகாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இனிமே கிலுகிலுப்பைக்கும் கேரண்டி குடுப்பாரு." அவர் பொருட்படுத்தவில்லை. அவருடைய பல்சக்கர ரயிலும் துதிக்கையால் தண்ணீர் இறைக்கும் யானையும் கடை கடையாக விற்றன.

சும்மா இருக்காமல் மச்சினனுக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கே பிடித்தது சனி. பல்சக்கரத்துக்கும் பாத்திர மூடிக்கும் வித்தியாசம் தெரியாத பையன். ஆனால் அவன் எதைச் செய்தாலும் குழந்தைகள் விடாமல் கட்டிக்கொண்டன. இன்ஜினியருக்கு வயிறு எரிந்தது.

புதுப் பொம்மைகளைக் குழந்தைகள் இருக்கும் அறையில் போட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பது கம்பெனி வழக்கம். ஒரு குழந்தை தான் கீழே போட்ட பிறகும் எதை மறுபடி தேடிவந்து எடுக்கிறதோ, அதுதான் தேறும். இந்த முறை தேறுகிறவருக்கே வடிவமைப்புப் பிரிவின் தலைமைப் பதவி. இன்ஜினியர் முயல் செய்திருந்தார். மச்சினன், கயிறு கட்டி இழுக்கும் ஒட்டகம்.

முந்தின நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இன்ஜினியர் ஒட்டகத்தின் முன்சக்கரங்களைக் கழற்றினார். நடுவில் இருந்த அச்சுத் துளையை அடைத்து, ஓரமாக வேறு துளை போட்டார். கெடுக்கிற வேலையையும் அரைகுறையாகச் செய்ய அவருக்குக் கை வரவில்லை. அளவெடுத்து, பிசிறு தேய்த்து, எண்ணெய் விட்டு மாட்டினார்.

மறுநாள் முயல் நேராக ஓடிப்போய் நின்றது. ஒட்டகமோ அடிக்கு அடி தலை தாழ்த்தி நிமிர்ந்து, குலுங்கிக் குலுங்கி நடந்தது. குழந்தைகள் உருண்டு சிரித்தன. முயலைத் தாண்டிப் போய் அதையே எடுத்தன.

"எப்படிப்பா தோணுச்சு இந்த நடை?" என்றார் மேனேஜர்.

"தெரியலை சார். நேத்து நேராத்தான் போச்சு. இன்னிக்கு அதுவா ஆடுது."

"என்ன அடக்கம் பாருங்க" என்று மேனேஜர் இன்ஜினியரிடமே சொன்னார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என் தம்பி ஜெயிச்சதுக்கு நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"அதுல என்ன அதிசயம்? அச்சை ஓரமா வெச்சா எதுவும் ஆடும்."

"தெரிஞ்சவரு நீங்க வெச்சிருக்கலாமே."

அதற்குப் பதில் இருந்தது. சொல்லத்தான் வழியில்லை.

அடுத்த வாரம் பட்டறையில் ஒரு குதிரைக்கு ஓரத்துளை போட்டுக்கொண்டிருந்தார். புதுத் தலைவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அட, என் ஐடியாவா அத்தான்? பரவாயில்ல, எடுத்துக்கோங்க. நமக்குள்ள என்ன இருக்கு?"

இன்ஜினியர் பல்லைக் கடித்துக்கொண்டு டிரில்லை அழுத்தினார்.